ஒழுகுவது எங்கிருந்து

“இன்னாக்கா கோளாறு?” என்று கேட்டால், “தெரியாதுப்பா” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சம் துளியும் இருக்காது. காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்தாகிவிட்டது. வண்டி வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே, பானெட்டைத் திறக்காமல் நோயைச் சொல்லிவிடுகிற மேதைகள் இந்த ஊரில் நிறைய. சொன்னதில் பாதி தப்பாக இருக்கும், ஆனால் சொல்கிற வேகத்துக்கே ஒரு மரியாதை உண்டு. இந்த அக்கா ஒருவர்தான் தெரியாது என்று சொல்லிவிட்டு, பழைய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு இன்ஜினைத் துடைக்க ஆரம்பிப்பார்.

ஓரிக்கை போகிற ரோட்டில் இருந்தது அவருடைய ஷெட். போர்டு கிடையாது. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு இடம், பக்கத்தில் ஒரு டீக்கடை. புடவைக்கு மேல் ஆம்பிளைக் காக்கிச் சட்டை, முழுக்கையும் பட்டன் போட்டு. தலையைச் சுற்றி ஒரு துண்டு. எண்ணெயோ தண்ணீரோ எங்கே ஒழுகினாலும் “அந்த அம்மா கிட்ட போ” என்பார்கள். பிரேக், கிளட்ச் எல்லாம் அவர் பார்ப்பார்தான், ஆனால் அதற்கு வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒழுகலுக்கு அவர்தான்.

அவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியாது. புருஷனிடம் கற்றார் என்று டீக்கடைக்காரர் சொல்வார். புருஷனுக்கே இவர்தான் கற்றுக்கொடுத்தார் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்வார். நான் கேட்டதில்லை. அவராக ஒருநாள் சொன்னது இதுதான். “எங்கம்மா பாலாத்து ஓரம் அடுத்தவங்க நெலத்துல குனிஞ்சு நாத்து நட்டாங்க. நான் அடுத்தவங்க காருக்கு அடியில படுத்துக்கினு இருக்கேன். ஆனா ஒண்ணுப்பா, இங்க நான் போலாம்னு சொன்னாத்தான் வண்டி நவுரும்.” சொல்லிவிட்டுக் கொதிக்கிற டீயை இரண்டே மடக்கில் குடித்தார். அவர் டீ குடிப்பதைப் பார்த்தால் நமக்குத் தொண்டை வெந்துவிடும்.

நான் முதல் தடவை அவரிடம் போனது வேறு வழியில்லாமல். என் கார் பழைய பெட்ரோல் கார். நான் வாங்கியபோதே இரண்டு பேர் கை மாறியிருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டியது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி, “பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், நாலு நாள் ஆகும்” என்றார்கள். முகூர்த்த மாசம். பட்டு எடுக்க வருகிற கல்யாணக் கூட்டத்தைக் கடைகடையாக ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. நாலு நாள் வண்டி படுத்தால் நானும் படுக்க வேண்டியதுதான்.

அக்கா கீழே குனிந்து பார்த்தார். மேலே பார்த்தார். “தெரியாதுப்பா. கழுவிட்டு எடுத்துக்கினு வா” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கழுவினால் ஒழுகல் நின்றுவிடுமா? “எல்லாரும் பின் சீல்னு சொல்றாங்கக்கா.”

“எல்லாரும் எங்க பாத்தாங்க? சொட்டுற எடத்தைப் பாத்தாங்க. சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேற. மேல எங்கயாவது கசிஞ்சா அது எறங்கி எறங்கிக் கடசியில அங்க வந்துதானே நிக்கும்?”

கழுவிக்கொண்டு வந்தேன். ஈரம் காயும்வரை காத்திருந்தார். பிறகு பையிலிருந்து முகத்துக்குப் பூசுகிற பவுடர் டப்பாவை எடுத்து, இன்ஜின் மேல் பக்கத்திலிருந்து கீழ்வரை நன்றாகத் தூவினார். என் காருக்குப் பெண் அழைப்பு நடக்கிறது என்று டீக்கடைக்காரர் கேலி செய்தார். அக்கா சிரிக்கவில்லை. “திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் ஓட்டிட்டு நேரா இங்க வா. நடுவுல யாரையும் ஏத்தாத” என்றார்.

போய் வந்தேன். ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று தெரிந்தது. இன்ஜின் தலைமேல் இருக்கிற டேப்பெட் கவரின் பின் மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே இறங்கி, எல்லாரும் பின் சீல் என்று சொன்ன அதே இடத்தில் முடிந்தது. கவருக்கு அடியில் இருந்த ரப்பர் கேஸ்கெட் காய்ந்து விறைத்திருந்தது. மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பட்டுக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் அவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொன்னேன். கல்யாணப் பெண்ணின் அப்பா மட்டும் கவனித்துக் கேட்டார்.

பொறுமை இல்லாதவர்களுக்கு அவர் லாயக்கில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற ஷெட்டில் மூன்று வண்டி முடிகிற நேரத்தில் இவர் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் குறைகிறது என்று வந்தால் இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடமாட்டார், நம்மையும் தொடவிடமாட்டார். ஆறிய பிறகு மூடி இருக்கிற இடத்தில் அவரே செய்த ஒரு கருவியை மாட்டுவார். பழைய ரேடியேட்டர் மூடியில் துளை போட்டு, சைக்கிள் டியூப் வால்வை வைத்து அடைத்தது. சைக்கிள் பம்பால் அளவாகக் காற்று அடித்துவிட்டு, காதை ஹோஸ் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வண்டி ஓடும்போது மட்டும் கசிந்து, நிற்கும்போது ஒளிந்துகொள்கிற ஓட்டை அப்போது தானாக வெளியே வரும். கிளாம்ப்புக்கு அடியில் ஒரு சொட்டு பச்சையாக எட்டிப் பார்க்கும். “வந்தியா” என்பார் அதைப் பார்த்து. அதற்கு மட்டும்தான் சிரிப்பார்.

ஒரு பட்டுக்கடை முதலாளி, பெரிய கார், தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைக்கிற பவுடர் ஒன்று விற்கிறார்களே, அதை ரேடியேட்டரில் போட்டு அனுப்பிவிடு, எனக்கு நேரமில்லை என்றார். அக்கா முடியாது என்றார். “ஓட்டையும் அடைக்கும், உள்ள தண்ணி போற சன்ன வழியையும் அடைக்கும். ஓட்டை எங்கன்னு பாத்துட்டுப் பேசலாம் சார்.”

“நீ மெக்கானிக்கா, வாத்தியாரா? சொன்னதைச் செய்மா.”

“ஊத்திக்கினே இருந்தா வண்டி ஓடும் சார். ஆனா பொய்யில ஓடுது. நான் பொய்ய ஊத்த மாட்டேன்.”

அவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுபடி வரவேயில்லை. அந்தக் கார் நடுரோட்டில் கொதித்து நின்றது என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் நான் பார்த்தவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவிடம் அதைச் சொன்னபோது “ஓடட்டுமே” என்றார், அவ்வளவுதான்.

ரேடியேட்டரில் இருக்கிற அந்தப் பச்சைத் தண்ணீரை, கூலண்ட்டை, வடித்தால் தட்டைத் திறந்து வைக்கமாட்டார். உடனே கேனில் ஊற்றி மூடி, கீழே சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். அது இனிக்குமாம், தெருநாய்கள் நக்கிவிட்டுச் செத்துப்போகுமாம். அந்த விஷயத்தில் யார் கவனமில்லாமல் இருந்தாலும் அவர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. என்னையும் ஒருமுறை வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எங்கள் தெரு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெரு. என் அப்பா காலத்தோடு எங்கள் வீட்டில் தறி போனது, மற்ற வீடுகளில் இன்னும் ஓடுகிறது. தறியில் ஏற்றுவதற்கு முன், சேலையின் நீளவாட்டு இழையான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டுவார்கள். தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக, இடுப்பு உயரத்தில், ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் மூங்கில் குச்சிகளைச் செருகி இழைகளைப் பிரித்து, கஞ்சி தெளித்து, அறுந்ததைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பாவு நீட்டுகிற நாளில் விடிவதற்கு முன் வண்டிகளை எடுத்துவிட வேண்டும். எழுதிவைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறமாட்டார்கள்.

அன்று நானும் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற லோடு வேனையும் அதன் டிரைவர் எடுத்துவிட்டான். அவன் வெளியூர்ப் பையன், கல்யாணமான புதிது, தெருக்கோடியில் வாடகைக்கு இருந்தான். எதிர்வீட்டு மாமா சந்தன நிறத்தில் ஒரு பாவு நீட்டியிருந்தார். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு, நாள் குறித்துக் கொடுத்த வேலை. நடுவில் ஒரு மூங்கில் குச்சி நழுவிக் கீழே விழுந்தது. அரை இருட்டில் ஒருவர் அதை எடுத்து மறுபடி இழைக்குள் செருகினார். வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தார்கள். பாவில் ஒரு சாண் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. கீழே, வண்டிகள் நின்ற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்.

மாமா பாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவிதான் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார். நான் காரை மூலையில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது தெரு முழுக்கக் கூடியிருந்தது. இனிமேல் ஒரு வண்டியும் தெருவில் நிற்கக் கூடாது என்று பேச்சு. எனக்கு வேறு இடம் கிடையாது. காரை ஊருக்கு வெளியே எங்கோ விட்டுவிட்டு, விடிகாலை டிரிப்புக்கு நான் எப்படிப் போவது?

“என் கார்ல ஒரு சொட்டு ஒழுகாது. மூணு நாள் முன்னாடிதான் ஆயில் மாத்தி எல்லாம் பாத்துக்கினு வந்தேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வேனைப் பாருங்க, அது நிக்கிற எடமெல்லாம் எண்ணெயாத்தான் இருக்குது” என்று கையை நீட்டினேன்.

வேன் டிரைவர் என்னைப் பார்த்தான். அவன் வேன் ஒழுகுவது ஊருக்கே தெரியும். தெருவில் நாலு பேர் அவனை நோக்கி நகர்ந்தார்கள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லு என்று ஒரு குரல் வந்தது. நான் இன்னும் வீரமாக, “சந்தேகம்னா அக்காவையே கூப்பிடறேன்” என்று போன் போட்டேன். எனக்குச் சாட்சி சொல்ல வருவார் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன்.

அக்கா மொபெட்டில் வந்தார். பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மாமாவின் மனைவியைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அக்கா, என் வண்டி இல்லன்னு சொல்லுங்கக்கா.”

“தெரியாதே.”

தெருவில் சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வண்டிகளையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டுக்கும் அடிப்பாகத்தைத் துடைத்து, கீழே வெள்ளைத் துணி விரித்து, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். வேனின் துணியில் கொஞ்ச நேரத்திலேயே கரேலென்று நாலைந்து சொட்டு. “பாத்தியா!” என்றது கூட்டம். நான் மார்பை நிமிர்த்தினேன்.

அக்கா கையை உயர்த்தினார். பாவில் கறை ஏற்றிய மூங்கில் குச்சியைக் கேட்டு வாங்கி, ஒரு புதுத் துணியால் அதைத் துடைத்தார். துணியில் பட்டது கறுப்பாக இல்லை. தேன் நிறம். புது எண்ணெய்.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே என் கார் பக்கம் வந்தார். அங்கே விரித்த துணியில் ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தது. அதுவும் தேன் நிறம். அக்கா சட்டென்று மல்லாந்து காருக்கு அடியில் போனார். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வேன் மேல தப்பு இல்ல. இது இந்தக் காரு எண்ணெய். ஆயில் வடிக்கிற நட்டுல கசியுது. அங்க போடற செம்பு வாஷர் ஒருவாட்டி அழுந்துனா மாத்தணும். நான் மாத்தல, பழசையே போட்டு முடுக்கி அனுப்பிட்டேன். என் கைத் தப்பு.”

கூட்டத்தில் ஒருவர், “பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்” என்றார். அக்கா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பொம்பளையானா இன்னா, ஆம்பளையானா இன்னா? மாத்தாத வாஷர் ஒழுகத்தான் ஒழுகும்” என்றார்.

மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார். “நீ சொல்லாம போயிருந்தா, இவங்க வேன்காரனத்தான் புடிச்சிருப்பாங்கம்மா.”

“அப்ப அந்தத் தம்பி நாளைக்கு எங்க போய் நிக்கும்?” என்றார் அக்கா.

இங்கே நான் உங்களிடம் ஒன்றை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். மூன்று நாள் முன்னால் ஆயில் மாற்றும்போது புது வாஷர் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போய் வாங்கி வருகிறேன், அரை மணி நேரம் இரு என்றார் அக்கா. நான்தான் டிரிப் இருக்குது, டிரிப் இருக்குது என்று குதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எனக்காக அவசரப்பட்டார். “சரி, நாளைக்கு வந்துடு. வாஷர் வாங்கி வெக்கறேன், மாத்திடலாம்” என்று அனுப்பினார். நான் மறுநாளும் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சொட்டியது எங்கேயோ, ஒழுக ஆரம்பித்தது என்னிடம். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அத்தனை பேர் நடுவில் அவர் என் பெயரை எடுக்கவேயில்லை.

அப்படியே விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். எப்படியோ வாய் திறந்தது. “அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் அவசரப்படுத்தினேன். மறுநாள் வரச் சொன்னாங்க, நான் போகல” என்றேன். வேன் டிரைவரிடம் போய், “தம்பி, கைய நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோ” என்றேன். அவன் “விடுண்ணா” என்றான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

“நீ அவசரப்பட்ட. சரி. ஆனா ஸ்பேனர் என் கையில இருந்துச்சுப்பா” என்றார்.

அன்றைக்கு அவர் எல்லார் முன்னாலும் அந்த நட்டைக் கழற்றி, எனக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த புது வாஷரைப் போட்டு முடுக்கினார். வடிகிற எண்ணெயைப் பிடிக்கச் சுத்தமான பாத்திரம் வேண்டும் என்று கேட்டபோது மாமாவின் மனைவியே உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். திரும்பப் போகும்போது அக்கா அந்த அம்மாவிடம் நின்று, கறை பட்ட இழையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வெட்டி எடுத்துவிட்டு வேறு இழை பிணைக்க வேண்டும், இரண்டு நாளாகும் என்று சொன்னார்கள். எனக்குப் பிணைக்கத் தெரியாதே என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். அவர் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

நான் அந்த இரண்டு நாளும் டிரிப் போகவில்லை. எனக்குப் பாதி மறந்துபோன வேலைதான், ஆனாலும் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து இழையை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மாமா என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், கடைசி நாலைந்து இழைகள் இருக்கும்போது, குனிந்த தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“அந்தம்மா ஷெட்டு எங்க இருக்குது? எம்மாப்பிள்ள கார்ல தண்ணி கொறைஞ்சுக்கினே இருக்குதாம். யார் யாரோ பாத்துட்டாங்க.”

சொன்னேன். ஓரிக்கை ரோட்டில் போய், டீக்கடைக்குப் பக்கத்தில், போர்டு இருக்காது, காக்கிச் சட்டை போட்ட அக்கா என்று கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றேன். போனதும் தெரியாது என்றுதான் சொல்லுவாங்க மாமா, அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், மாப்பிள்ளையை உட்காரச் சொல்லுங்கள் என்றேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து வழி சொன்னேன். முதல் தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல இருந்தது.